கடலோரத் தெருவுக்கு எந்த வழி: மனுவா, கிராம சபையா, நமக்கு நாமேயா, குழுவா?

எஸ்.பி.பட்டினத்தில் தொடங்கி, தனுஷ்கோடி முனையைச் சுற்றிக்கொண்டு, ரோச்மாநகர் வரை இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஏறக்குறைய 237 கிலோமீட்டர். இதில் எந்த மீனவக் குடியிருப்புக்குப் போய்க் கேட்டாலும் குறைப் பட்டியல் பெரிதாக மாறாது. குழாயில் தண்ணீர் வரும் நாள் தெரியாது. வாறுகால் (கழிவுநீர் ஓடும் வாய்க்கால்) கடல்வரை போகாமல் பாதியில் நின்று நாறும். விளக்குக் கம்பம் உப்புக்காற்றில் அரித்துச் சாய்ந்திருக்கும். மூன்று தலைமுறையாக வீடு இருக்கும், பட்டா இருக்காது.

இந்தப் பட்டியலைப் பற்றி ஊரில் சண்டை வருவதில்லை. அடுத்து என்ன செய்வது என்று வரும்போதுதான் ஊர்க்கூட்டம் நாலு பக்கமாகப் பிரியும். கலெக்டரிடம் மனு கொடுப்போம் என்பார் ஒருவர். கிராம சபையில் தீர்மானம் போடாமல் எதுவும் நடக்காது என்பார் இன்னொருவர். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர், ‘நம்ம பங்கைக் கட்டி நமக்கு நாமே திட்டத்தில் வாங்கிடலாம்’ என்பார். பள்ளிக்கூடக் குழுவில் இருக்கிற பெண் ஒருத்தி, இருக்கிற குழுக்களை முதலில் உயிரோடு வைப்போம் என்பார். பெரும்பாலும் அவர் பேச்சைத்தான் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

என் கட்சி அந்தப் பெண்ணின் கட்சி. ஆனால் முழுக்க இல்லை. ஒரே தடவையில் முடிந்துபோகிற வேலைக்கு ஒரு வழி, தினமும் ஆள் நின்று பார்க்கவேண்டிய வேலைக்கு வேறு வழி. இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுப்பதால்தான் பாதிக் குறைகள் வருடக்கணக்கில் கிடக்கின்றன. பேச வசதியாக, 120 தலைக்கட்டு (குடும்பம்) உள்ள ஒரு கடலோரத் தெருவை மனதில் வைத்துக்கொள்வோம். ஊராட்சியின் தாய்க் கிராமம் உள்ளே இருக்கிறது, இந்தத் தெரு கடல் ஓரத்தில், கடைசியில்.

மனு

எல்லாருக்கும் பழக்கமான வழி இது. திங்கட்கிழமை காலையில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். மீனவர்களுக்கென்று தனியாகவும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. போகமுடியாதவர்கள் 1100 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2024-ல் கலெக்டரே ஒரு வட்டத்தில் தங்கி ஆய்வு செய்யும் ‘உங்களைத் தேடி, உங்கள் ஊரில்’ வந்தது. 2025-ல் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் வந்தன. திட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், திங்கட்கிழமை மாறாது.

தனி ஆளின் காரியத்துக்கு மனுவை மிஞ்சியது கிடையாது. முதியோர் ஓய்வூதியம், ரேஷன் கார்டில் பெயர், மாற்றுத்திறனாளி சான்று, பட்டா மாறுதல் இவையெல்லாம் ஒரு ஆள், ஒரு கோப்பு, ஒரு முடிவு. மனுவுக்குப் பதிவு எண் கிடைக்கும். எந்த மேஜையில் நிற்கிறது என்று கேட்டுத் துரத்தலாம்.

தெருவின் காரியத்துக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை’ என்ற மனு கலெக்டரிடமிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து ஊராட்சிச் செயலரிடம் வரும். அதாவது, நாம் யாரிடம் சொல்லிப் பலிக்கவில்லை என்று மேலே போனோமோ, அவரிடமே வந்து சேரும். அவர் ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினால் மனுவுக்குப் பதில் கொடுத்தாகிவிட்டது. கணக்குப்படி குறை தீர்ந்தது. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர். போகவர ஒருநாள், கூலி போச்சு. மீன் விற்கப் போகிற பெண்ணுக்கு அது சின்னச் செலவு இல்லை.

மனு எழுதினால் தெருவின் பெயரில் பொதுவாக எழுதாமல், ஒவ்வொரு குறையையும் அதற்குரிய துறையின் பெயரில் தனித்தனியாக எழுதுங்கள். எட்டுக் குறையை ஒரே தாளில் எழுதினால் எட்டுத் துறையும் மற்ற ஏழு பேரைக் கைகாட்டும்.

கிராம சபை

1992-ல் வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இரண்டும் கொடுத்த இடம் இது. முன்பு வருடத்துக்கு நாலு தடவை கூடியது. இப்போது ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லுபடியாக ஆள் கணக்கு உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை என்றால் 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

இந்தக் கணக்கு நம் தெருவுக்குச் சாதகமானது. 100 பேர் வேண்டிய கூட்டத்துக்கு ஒரே தெருவிலிருந்து 60 பேர் போய் உட்கார்ந்தால், அன்றைக்கு அந்தச் சபையில் எது பேசப்படும் என்பதை அந்தத் தெருதான் தீர்மானிக்கும். ஆனால் நடப்பது வேறு. கூட்டம் தாய்க் கிராமத்தில், பகல் பதினோரு மணிக்கு. விடியலில் போன வள்ளம் கரை திரும்பி, வலையில் மீன் கழித்துக்கொண்டிருக்கும் நேரம். பெண்கள் ஏலத்திலும் சந்தையிலும் நிற்பார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் என்றால் பாசி எடுக்கக் கடலில் இறங்கியிருப்பார்கள். கூட்டத்தைக் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்கவேண்டும். கேட்டு எழுதிக் கொடுத்தால் மறுக்க அலுவலருக்குக் காரணம் குறைவு.

இன்னொரு சிக்கல் 2025-ல் சேர்ந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர்களான வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பி.டி.ஓ.) கைக்குப் போயின. மாவட்டத்தில் 11 ஒன்றியம், 429 ஊராட்சி. சராசரியாக ஒரு ஒன்றியத்துக்கு 39. தெருமுனையில் நிறுத்திக் கேட்க ஒரு தலைவர், வார்டு உறுப்பினர் இருந்த இடத்தில், முப்பத்தொன்பது ஊரைப் பார்க்கிற ஒரு பி.டி.ஓ. அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஆனால் தலைவர் இல்லாத நேரத்தில் கிராம சபைத் தீர்மானத்துக்குக் கனம் கூடியிருக்கிறது என்பது என் எண்ணம். அந்த அலுவலருக்கு ஊரைத் தெரியாது, தாள்தான் தெரியும்.

பணம் என்று பார்த்தால், கிராம சபையின் வாய் பெரியது, பை சிறியது. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு ஒதுக்கினார்கள். அங்கே சபையில் பேசினால் அது பணத்தைப் பற்றிய பேச்சு. இங்கே பெரும்பாலும் பட்டியலைப் பற்றிய பேச்சு. ஆனால் அந்தப் பட்டியலில் ஏறாத வேலைக்குப் பிறகு எந்தத் திட்டத்திலும் இடம் கிடைப்பது கஷ்டம். கலைஞரின் கனவு இல்லம் போல வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிற திட்டத்திலும் பயனாளிப் பட்டியல் சபைக்கு வந்துதான் போகவேண்டும். (அதற்குச் சொந்த இடம் வேண்டும் என்பதால் பட்டா இல்லாத கடலோரக் குடும்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே பட்டா மனு முதலில்.)

எஸ்டிமேட் போடும்போது யார் கூட நின்றார்கள்?

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கடற்கரையில் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான். அதனால் வழிகளை ஒப்பிடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் போடும் எஸ்டிமேட் மாவட்டம் முழுமைக்கும் ஒரே மாதிரியானது. முதுகுளத்தூர் கரிசலுக்கு எது பொருந்துமோ அதுவே தேவிபட்டினம் மணலுக்கும். கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்கு 12,000 ரூபாய் தந்தார்கள். உறைகுழி முறைதான் பரிந்துரை. கடற்கரை மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்தக் குழியின் கழிவு பக்கத்து ஊற்றுத் தண்ணீரில் கலக்கும், மழைக்காலத்தில் குழியே மேலே பொங்கும். மக்கள் அதைப் பூட்டிவிட்டு வலையும் கயிறும் போட்டு வைத்தால், ‘பழக்கவழக்கம் மாறவில்லை’ என்று அறிக்கை எழுதுவார்கள். பழக்கத்தில் கோளாறு இல்லை, குழியில்தான் கோளாறு.

சாலையும் அப்படித்தான். பழைய சாலையைத் தோண்டாமல் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, தெரு வீட்டு வாசலைவிட உயர்ந்துவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் வாடைக்காற்றோடு மழை வந்தால் தண்ணீருக்குப் போக இடம் வீடுதான். வாறுகாலைக் கடலை நோக்கிச் சரித்துக் கட்டுவார்கள். ஓதம் ஏறும்போது கடல் எதுவரை வருகிறது என்று கேட்டிருக்கமாட்டார்கள். ஏற்றத்தின்போது தண்ணீர் வாறுகால் வழியாகத் தெருவுக்குள் திரும்பி வரும். இது தெருவில் இருக்கிற பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

ஆகவே தீர்மானம் எழுதும்போது ‘வாறுகால் அமைத்துத் தர வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், ஓதம் வரும் எல்லை எது, சாலை மட்டம் வீட்டுப் படிக்குக் கீழே இருக்க வேண்டும், கம்பி போடுகிற இடத்தில் உப்புக்குத் தாங்குகிற ஏற்பாடு வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். அளவெடுக்க ஆள் வருகிற நாளில் ஊர்க்காரர் நாலு பேர், அதில் இரண்டு பெண்கள், கூட நில்லுங்கள். கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் இருப்பதால் வனத்துறைக்கும் சில இடங்களில் சொல் உண்டு. வேலை தொடங்கியபிறகு ஆட்சேபம் வந்தால் பாதி வாறுகால்தான் மிஞ்சும்.

நமக்கு நாமே

1990-களில் வந்து, நடுவில் நின்று, 2021-ல் மறுபடி தொடங்கிய திட்டம். வேலையின் மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரவேண்டும், மீதி அரசு. கலெக்டர் ஒப்புதல் தருவார். ஆறு லட்சத்துக்கு வேலை என்றால் இரண்டு லட்சம் தெருவின் பங்கு. 120 தலைக்கட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,667 ரூபாய்.

கடற்கரையில் இது முடியாத காரியம் இல்லை. மீன் ஏலத்தில் ஊர்ப் பொதுவுக்கென்று மகமை பிடிக்கிற ஊர்கள் உண்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கிப் பழகிய ஊர்கள் உண்டு. ஜமாஅத்தும் தேவாலயத்தின் பங்குப் பேரவையும் வரவு செலவை எழுதிப் படிக்கிற வழக்கம் வைத்திருக்கின்றன. உள்நாட்டுக் கிராமத்தில் இந்த அமைப்பைப் புதிதாக உண்டாக்க வேண்டும்; இங்கே தயாராக இருக்கிறது. வேகமும் அதிகம். பணம் கட்டியவர்கள் வேலை நடக்கிற இடத்தில் நின்று சிமெண்ட் மூட்டையை எண்ணுவார்கள் என்பதால் தரமும் பரவாயில்லை.

எனக்கு இதில் இருக்கிற உறுத்தல் வேறு. பணம் யார் தருகிறாரோ அவர் தெருவுக்குத்தான் வேலை போகும். விசைப்படகு முதலாளி ஒருவரோ, வளைகுடா நாட்டில் சம்பாதிக்கிற இரண்டு வீடோ முழுப் பங்கையும் கட்டினால், அரசின் மூன்றில் இரண்டு பங்கும் அவர்கள் வாசலுக்குப் போய்விடும். கடைசி வரிசையில் ஓலைக் குடிசையில் இருக்கிற பாசி எடுக்கும் குடும்பத்துக்கு 1,667 ரூபாய் என்பது பல நாள் கடலில் இறங்குகிற காசு. அரசு தானாகச் செய்யவேண்டிய வாறுகாலுக்கு, இருப்பதிலேயே ஏழைத் தெரு மூன்றில் ஒரு பங்கு கட்டுவது எந்த ஊர் நியாயம்? குடிநீர், வாறுகால் போன்ற அடிப்படை வேலைக்கு இந்த வழி வேண்டாம் என்பேன். சமுதாயக் கூடம், வலை பின்னும் கொட்டகை, விளையாட்டுத் திடல் மாதிரி ஊர் கூடுதலாக ஆசைப்படுகிற வேலைக்கு நல்ல வழி.

வசூல் காலத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகிற குடும்பத்திடம் அப்போது பங்கு கேட்டு நின்றால் கந்துவட்டிக்காரரைத்தான் அனுப்பிவைக்கிறோம்.

குழுக்கள்

சட்டத்திலும் திட்டத்திலும் ஏற்கெனவே இருக்கிற, தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாத இடங்கள் இவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். கிராம சுகாதார, குடிநீர், துப்புரவுக் குழுவுக்குத் தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து வருடம் 10,000 ரூபாய் நிபந்தனை இல்லாத நிதி உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் குழாய் போடும் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு, பாதிக்கு மேல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் இருக்கிற கிராமத்துக்கு 5 சதவீதம், உழைப்பாகவும் தரலாம். அதற்கான தண்ணீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

பல ஊரில் இவை தாளில் மட்டும் இருக்கின்றன. கையெழுத்து வீடு தேடி வரும், கூட்டம் வராது. அதுதான் இந்த வழியின் பெரிய பலவீனம், மறைக்க ஒன்றுமில்லை. பெரிய பணமும் கிடையாது. பிறகு ஏன் இதை முன்னால் வைக்கிறேன்?

தண்ணீரை வைத்துச் சொல்கிறேன். 2009 முதல் இந்த மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கமிருந்து வருகிறது. நாம் கடைமடை. ஊர் எல்லைத் தொட்டிவரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து தெருக்குழாய்வரை ஊராட்சியின் பொறுப்பு. தண்ணீர் வராத நாளில் வாரியம் ஊராட்சியைச் சொல்லும், ஊராட்சி வாரியத்தைச் சொல்லும், பெண்கள் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு காசு கொடுத்து வாங்கப் போவார்கள். இதை எந்த மனுவும் தீர்க்காது. இது தினமும் வருகிற குறை.

தண்ணீர்க் குழுவில் இருக்கிற இரண்டு பெண்கள் ஒரு நோட்டு வைத்து, தொட்டிக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை அடி நின்றது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் வால்வு திறந்திருந்தது என்று மூன்று மாதம் எழுதினால் கதை மாறும். தொட்டிக்கே வரவில்லையா, வந்தும் கடைசித் தெருவுக்கு வரவில்லையா என்பது தெரிந்துவிடும். முதலாவது என்றால் வாரிய உதவிப் பொறியாளரிடம் பேச்சு. இரண்டாவது என்றால் வால்வு திறக்கிற தொட்டி இயக்குபவரிடம் பேச்சு; அவர் நம் ஊர்க்காரர், பாதி நாள் அது ஐந்து நிமிடத்தில் முடியும். அலுவலரும் குறை சொல்லும் கூட்டத்தைவிடக் கணக்கு கொண்டுவரும் ஆளிடம் சுமுகமாகப் பேசுவார். அவருக்கும் மேலே காட்டத் தாள் வேண்டும் அல்லவா?

இன்னொரு வசதி: இராமநாதபுரம் 2018 முதல், மத்திய அரசின் நிதி ஆயோக் தனிக்கவனம் வைத்து அளக்கிற ‘முன்னேற விழையும் மாவட்டங்களில்’ ஒன்று, தமிழ்நாட்டில் இதுவும் விருதுநகரும்தான் அப்போது அந்தப் பட்டியலில் வந்தன. அதில் 49 குறியீடுகளை அளக்கிறார்கள். மதிப்பெண்ணில் 60 சதவீதம் சுகாதாரம், ஊட்டச்சத்து, கல்விக்குப் போகிறது. பள்ளியில் கழிப்பறை, கர்ப்பிணிகளின் இரத்தசோகை பற்றிப் பள்ளிக் குழுவும் சுகாதாரக் குழுவும் எழுதினால் மாவட்ட நிர்வாகத்தின் சொந்தத் தேர்வுத்தாளைப் பற்றியே எழுதுகிறோம் என்று அர்த்தம்.

குழு நிலைத்து நிற்க அதில் இருப்பவர்களுக்கு ஏதாவது பலன் வேண்டும் என்பதற்குத் தொண்டி அருகே காரங்காட்டைப் பார்க்கலாம். அலையாத்திக் காட்டுக்குள் படகு விடும் சூழல் சுற்றுலாவை வனத்துறை அங்கே ஊர்மக்களோடு சேர்ந்து நடத்துகிறது. காட்டைக் காப்பதில் ஊருக்கு வருமானம் இருக்கிறது, துறைக்குக் காவலுக்கு ஆள் இருக்கிறது. எல்லாத் தெருவிலும் அலையாத்தி வளராது, உண்மை. ஆனால் தண்ணீர் நோட்டு எழுதுகிற பெண்ணுக்கு மகளிர் குழு வழியாக ஒரு சிறு தொகையாவது ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கலாம். கோயில் கொடைக்கு மேளக்காரருக்குக் கொடுக்கிறோமே.

தொண்டு நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாக: குடிநீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட் வைத்துத் தருவார்கள், வாங்கிக்கொள்ளலாம். சவ்வு மாற்ற வேண்டிய வருடம் யார் பணம் கட்டுவது என்பதை முதல்நாளே எழுதி வாங்காவிட்டால், பூட்டிய அறை ஒன்று தெருவில் கூடும்.

நம் தெருவுக்கு என்ன செய்யலாம்?

பட்டாவும் ஓய்வூதியமும் மனுவில் போகட்டும், வீட்டுக்கு ஒரு மனுவாக, முதல் வாரத்திலேயே. தண்ணீர் நோட்டை அதே வாரம் தொடங்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பள்ளிக் குழு அடுத்த கூட்டத்துக்குத் தெருவிலிருந்து பெற்றோர் போகவேண்டும். வாறுகாலும் சாலை மட்டமும் கிராம சபைக்கு, மேலே சொன்ன விவரத்தோடு. வலைக் கொட்டகை வேண்டுமென்றால் நமக்கு நாமே, ஆனால் வாறுகால் எஸ்டிமேட் ஏறியபிறகு. பங்கை வீட்டுக்குச் சமமாகப் போடாமல், விசைப்படகுக்கு ஒரு தொகை, வள்ளத்துக்கு வேறு தொகை, படகே இல்லாத வீட்டுக்கு உழைப்பு மட்டும் என்று போடுங்கள்.

இராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளிலும் மண்டபம், தொண்டி பேரூராட்சிகளிலும் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. 2022-ல் தொடங்கிய ஏரியா சபை, வார்டு குழுதான் உங்கள் இடம். கவுன்சிலர் ஒருவரைச் சுற்றியே அது ஓடும் என்பதால் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தெருவுக்கு நோட்டுதான் ஆயுதம். மற்றபடி கணக்கு ஒன்றே.

கிராமத்தில் இருப்பவர்கள் தேதியைக் கவனியுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு வேலைகளைச் சேர்ப்பது அக்டோபர் 2 கூட்டத்தை ஒட்டித் தொடங்குகிறது. மழை அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே தண்ணீர் தேங்குகிற இடங்களைப் போன வருடத்து நினைவிலிருந்து சுவரில் சுண்ணாம்பால் குறித்து, ஓதம் ஏறும் பௌர்ணமி, அமாவாசையில் ஒருமுறை போட்டோ எடுத்து, ஆகஸ்ட் 15 சபையிலேயே ஒருதடவை வாசித்துப் பதிய வையுங்கள். தீர்மான எண்ணை அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். நகல் தரத் தாமதித்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும், அதாவது அக்டோபர் 2-க்கு முன்பே கையில் இருக்கும்.